லவினியா காட்டாத சான்று

எங்கள் கென்டக்கி மாநிலச் சங்கத்துக்கு நூற்றிருபத்தைந்து வயது. அமெரிக்க விடுதலைப் போரில் சண்டை போட்டவனின் வம்சத்துப் பெண் என்று தலைமுறை தவறாமல் சான்று காட்டினால்தான் உள்ளே வர முடியும். அந்தச் சான்றுகளைச் சரிபார்ப்பவள் நான். சங்கத்தின் வரலாற்றை எழுதும் வேலையையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

ஒடெஸா டாலிவர் என்ற கறுப்பின டீச்சர் ஆறு வருஷமாக விண்ணப்பிக்கிறார். அவர் சொல்லும் மூதாதை போர்வீரன் ஐசக் ப்ரூவிட். மூன்றாம் தலைமுறைக்கு மட்டும் பிறப்புச் சான்று இல்லை. அடிமையாகப் பிறந்த குழந்தைக்கு எவன் சான்று எழுதி வைத்தான்? ஆனாலும் விதி விதிதானே என்று மூன்று முறை நானே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன். அவருக்கு வயது எண்பத்தொன்று. கடைசி முறை, சாவதற்குள் கிடைத்தால் சரி, இன்னும் தேடுகிறேன் என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

போன வாரம், வரலாற்றுக்காகச் சங்கத்தை நிறுவிய லவினியாவின் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். அவள் காட்டிய மூதாதையும் அதே ஐசக் ப்ரூவிட்தான். மூன்றாம் தலைமுறைக்குச் சான்று என்ற கட்டத்தில், 'எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வது' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்!

அந்தத் தாளோடு தலைவி மேரிபெத்திடம் போனேன். அவள் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு கேக் ருசி பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய தாள்களைத் திரும்பக் கிளறுவது நம் வழக்கமில்லை என்றாள். அப்படியானால் அதே சலுகையை ஒடெஸாவுக்கும் கொடு என்று கத்தினேன்.

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "ஜெனீவா, கொள்ளிக்கட்டையால தலையச் சொறிஞ்சுக்காத. லவினியா உன் கொள்ளுப்பாட்டி. அவ பேரச் சொல்லித்தான நீயே உள்ள வந்த?"

நிஜம்தான். ஏற்கெனவே சேர்ந்தவரின் வாரிசு என்றால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு புது விண்ணப்பத்தில் என் பெயரை எழுதி, ஒடெஸாவுக்குப் போட்ட விதிப்படியே நிரப்பினேன். மூன்றாம் தலைமுறையில் பேனா நின்றது. மூன்று நிராகரிப்புக் கடிதம் எழுதிய கை, நான்காவதை எனக்கே எழுதியது. முப்பது வருஷமாகக் குத்தியிருந்த சங்கப் பதக்கத்தைக் கழற்றி, அதோடு சேர்த்து மேரிபெத்துக்கு அனுப்பினேன்.

பிறகு ஒடெஸாவைப் போனில் கூப்பிட்டு, லவினியா எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன்.

"எங்க வீட்லயும் எல்லாரும் அதையேதான் மேடம் சொன்னாங்க" என்றார்.