மஞ்சள் பூசிய பீப்பாய்

"ஏங்க, கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு மஞ்சள் பூச மாட்டாங்களே!"

இந்திராவதி தலையில் கை வைத்துக்கொண்டாள். தீவு நகரமான லௌட்டோகாவின் நடபுவா பகுதியில், அவர்கள் வீட்டின் பின்னாலிருந்த தகரக் கொட்டகைதான் அவளது தொழிற்சாலை. கழிவறை கழுவும் ஆசிட் அங்கே தயாரானது. அதற்கு வேண்டிய ஆசிட் என்று வெளிநாட்டிலிருந்து அவளே முதல்முறையாக வரவழைத்த நீலப் பீப்பாய்கள் முந்தின நாள்தான் வந்திருந்தன. புதுச் சரக்கு வந்தால் மாரியம்மனுக்குப் படைப்பது அந்த வீட்டு வழக்கம். கணவன் கன்னையா பீப்பாய்களை மேலிருந்து கீழ்வரை மஞ்சளால் மெழுகிவிட்டான். எச்சரிக்கை லேபிள் ஒன்றுகூடத் தெரியவில்லை.

"இன்னிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு!"

"அம்மன் பாத்துக்குவா."

"அம்மன் கையெழுத்துப் போட மாட்டாளே!"

தலைநகர் சுவாவில் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு இந்திய வம்சாவளியினர் பலர் நாட்டை விட்டுப் போய், அந்தத் தெருவில் பாதி வீடுகள் காலி. கன்னையாவின் தம்பி தேவேந்திரா ஆக்லாந்திலிருந்து ஓயாமல் கூப்பிட்டான். துறைமுகத்தில் முதல் சரக்கை மட்டும் தற்காலிக அனுமதியில் விட்டிருந்தார்கள். நிரந்தர இறக்குமதி அனுமதி கிடைத்தால் இங்கேயே இருப்பது, இல்லையென்றால் விற்றுவிட்டு விமானம் ஏறுவது என்று கணவனும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள். இந்திராவதிக்குக் கொட்டகையை விட்டுப் போக மனமே இல்லை.

அந்த அனுமதிக்காகச் சரக்கைச் சோதிக்க வந்த ரசாயன இன்ஸ்பெக்டர் ஷைலேந்திரா உள்ளே நுழைந்ததும் சிரித்துவிட்டார்.

"என்னக்கா, எந்தப் பீப்பாய்க்குக் கல்யாணம்?" உடனே முகம் மாறியது. "லேபிள் மறைஞ்சா இது ஊர் பேர் தெரியாத சரக்கு. செஞ்சவன் ஆபத்தை எழுதி ஒட்டணும். கொண்டாந்தவங்க அது தெரியற மாதிரி வெச்சுக்கணும். உள்ளே என்னன்னு நான் கேட்டா, வித்தவனைக் கைகாட்ட முடியாது. நீங்கதான் பதில் சொல்லணும்."

இந்திராவதி கையுறை மாட்டி அவசரமாகத் துடைக்க ஆரம்பித்தாள். 'ஆசிட்' என்ற லேபிள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசிப் பீப்பாயருகே கன்னையா கத்தினான்.

"ஆத்தா குங்குமம் குடுத்துட்டா!"

மூடிக்குக் கீழே மஞ்சள் ரத்தச் சிவப்பாகி வழிந்திருந்தது. நெற்றியில் இட்டுக்கொள்ள அவன் விரலை நீட்டினான்.

"தொடாதீங்க!" இந்திராவதி சட்டையைப் பிடித்து இழுத்த வேகத்தில் அவன் தரையில் உட்கார்ந்தான். "சவுக்காரம் மாதிரி காரம் பட்டாத்தான் மஞ்சள் சிவக்கும். ஆசிட் பட்டா மஞ்சளாவே இருக்கும். இது ஆசிட் இல்லீங்க, காஸ்டிக் சோடா!"

ஷைலேந்திரா சோதனைத் தாளை ஒரு சொட்டில் தொட்டார். தாள் கருநீலமானது; காரமேதான். அனுப்பியவன் லேபிளை மாற்றி ஒட்டியிருந்தான். ஆசிட் தொட்டியில் ஊற்றியிருந்தால் கொதித்து முகத்திலேயே தெறித்திருக்கும்.

அவர் வாயைத் திறப்பதற்குள் இந்திராவதி மற்ற பீப்பாய்களை மறுகோடிக்கு உருட்டிவிட்டாள். கசிந்ததைச் சுற்றிக் கயிறு கட்டினாள்.

"இத யாரும் தொடக் கூடாது. வித்தவனுக்கு இப்பவே போன் பண்றேன். தொறமுகத்துக்கும் சொல்லுங்க சார், இதே சரக்கு வேற யாருகிட்டயாவது போயிருக்கும்."

ஷைலேந்திரா பேனாவை எடுத்தார்.

"மஞ்சள் பூசினதுக்கு ஒரு எச்சரிக்கை. இப்ப செஞ்சதுக்கு அனுமதி. தப்புச் சரக்கு வந்தா என்ன செய்வீங்கன்னுதான் கேக்க வந்தேன், செஞ்சே காட்டிட்டீங்க."

இந்திராவதி கையுறையோடு கைதட்டிவிட்டாள்.

சாயங்காலம் போன் அடித்தது. கன்னையா எடுத்தான்.

"தேவேந்திரா, நாங்க வரலடா... அட, கோவிச்சுக்காத, கிறிஸ்மஸுக்கு நீ வா... என்னது, உங்க அண்ணி செய்ற ஆசிட் அங்கே விக்கணுமா? அப்ப லேபிள், அனுமதி எல்லாத்துக்கும் நீ ஓடு! அங்கே நீதானே இறக்குமதிக்காரன்!"