செவ்வந்தியின் ரப்பர்

சின்னசேலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் செயற்கை ரப்பர் ஆலையிலிருந்து போன வருடம் டயர் கம்பெனிக்குப் போன சரக்கில் பதினொரு கிலோ செவ்வந்தியின் கண்ணீர். மற்றதெல்லாம் வழக்கம்போல வாயுவில் இருந்து வந்தது. வாயுவின் துணுக்குகளை நிக்கல் கலந்த வினையூக்கி ஒன்றோடொன்று கோத்து நீள இழையாக்கும், அதுதான் ரப்பர். ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் நிக்கலின் வேலை கெட்டுவிடும் என்பதால் உலைக்குப் பக்கத்தில் யாரும் அழக்கூடாதென்று அங்கே சட்டம். கருணாபுரத்து செவ்வந்தி, புருஷன் கொளஞ்சியப்பன் விஷச்சாராயத்தில் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். தெருவே பாடை கட்டிய அந்த வாரத்தில் அவளுக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. அப்புறம் அழலாம் என்று வைத்திருந்ததை ஆலைக்காக ஒரு வருடம் விழுங்கினாள். விழுங்கியது உள்ளே சும்மா கிடக்குமா?

ஒருநாள் ஷிப்ட் இன்ஜினியர் இளஞ்செழியன் உலையை நிறுத்த ஒரு டிரம்மைத் திறந்தான். பக்கத்தில் நின்ற செவ்வந்தி கேட்டாள்.

"இன்னா சார் இது?"

"மெத்தனால்மா. ஊத்துனா நிக்கல் செத்துடும்."

"அப்பறம் உசுரு வராதா?"

"செத்தது செத்ததுதாம்மா."

கொளஞ்சியப்பன் குடித்த சாராயப் பாக்கெட்டிலும் இந்த மெத்தனால்தான் இருந்தது. செவ்வந்தியின் கண்ணிலிருந்து ரப்பர் வந்தது. துளி ஈரமில்லை, இழுக்க இழுக்க முழக்கணக்கில் வந்தது, அறுந்துபோகவில்லை. லேபில் சோதித்து முதல் தரம் என்றார்கள். அதன்பின் ஷிப்ட்டுக்கு ஒருமுறை அவளை டிரம்முக்கு முன்னால் உட்காரவைத்து ஸ்டீல் தட்டை நீட்டினார்கள். இது பாவமென்று சொல்ல அத்தனை படித்தவர்களில் ஒருவனுக்கும் வாய் வரவில்லை. அவளை ஆபரேட்டர் ஆக்கினார்கள்.

இரண்டாம் வருடத் திதிக்கு லீவு போட்டாள். ஒரே ஒரு தடவை, புருஷனுக்காக மட்டும், தன் வீட்டில் அழவேண்டும் என்பதுதான் அவள் ஆசை. படையல் போடும் நேரத்துக்கு இளஞ்செழியன் தட்டோடு வந்து நின்றான். மாமியார் காசியம்மாள் பாய் விரித்து, "குந்துங்க சார்" என்று காப்பி கொடுத்தாள்.

"வூட்ல அழுதா வீணாதான போவும், அதான் வந்தேன்."

"இன்னிக்கி அவுருக்கு சார். தட்ட எடுத்துக்கினு போங்க."

அவன் போகவில்லை. செவ்வந்தி பல்லைக் கடித்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவன் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று எழுந்து போனான். கதவைச் சாத்திவிட்டுப் படத்தின் முன் உட்கார்ந்தாள். மகள் எழில்மதி பக்கத்தில் வந்து, "இப்ப அழும்மா, யாருமில்ல" என்றாள். செவ்வந்தி எவ்வளவோ முயன்றாள். ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலை ஆறு மணி ஷிப்ட்டில் அரைக் கிலோ வந்தது.