நடுவில் கடைக்குப் போகாத ஜெபம்

தையல்காரருக்கு ஆண்டவர்மேல் அன்பில்லை என்று யாராவது சொன்னால், சொன்னவர் வாயைத்தான் முதலில் தைக்க வேண்டும். அன்பு மலையளவு உண்டு. ஜெபத்தில் உட்கார்ந்தால்தான் வினை. கண்ணை மூடி இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் மனம் எழுந்து கடைக்குப் போய்விடும். கட்டிங் மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, செவ்வாய்க்கிழமை கொடுக்க வேண்டிய கோட்டைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிடும்.

போன வருடம் சபையில் நடந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பாஸ்டருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. சபையார் சார்பில் ஜெபிக்க இவரை எழுப்பிவிட்டார்கள். நன்றாகத்தான் தொடங்கினார். "இந்தத் தாயாருக்குப் பெலன் தாரும், நல்ல தூக்கம் தாரும்" என்று வந்தவர், அதே உருக்கத்தோடு, "கழுத்தை ரெண்டு இஞ்ச் இறக்கி, அக்குள்ல கொஞ்சம் லூசு விட்டு..." என்றார். சபை மொத்தமும் "ஆமென்" என்றது. சொல்லி முடித்த பிறகுதான் பாதிப் பேருக்கு உறைத்தது. மீதிப் பேருடைய மனம் எந்தக் கடைக்குப் போயிருந்ததோ, அதை யாரும் விசாரிக்கவில்லை. அந்த அம்மா எழுந்து நடமாடிவிட்டார். இவருக்கு மட்டும் இஞ்ச் அண்ணன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. மனைவியின் வயிற்றில் கட்டி என்று டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டியதும் சிரிப்பு நின்றது. வியாழக்கிழமை ஆபரேஷன் என்று குறித்தார்கள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க" என்றாள் மனைவி. "என்னை உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி எனக்காக ஒரே ஒரு ஜெபம் பண்ணுங்க. நடுவுல கடைக்குப் போகாம."

"நான் எப்ப போனேன்?"

"நேத்து சாப்பிட உக்காந்தப்ப 'இந்த ஆகாரத்தை'ன்னு சொல்லிட்டு எவ்வளவு நேரம் நிறுத்தினீங்க தெரியுமா? தட்டுல இருந்தது ஆறியே போச்சு."

அந்த இடைவெளியில் அவர் மனதுக்குள் ஒரு ஜாக்கெட்டுக்குப் பட்டன் காஜா எடுத்து முடித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமையே பயிற்சியைத் தொடங்கினார். வழக்கமாக அவர் உட்காருவது கடைசி பெஞ்சில். அங்கிருந்து பார்த்தால் சபையின் முதுகு முழுக்கத் தெரியும். எந்தக் காலர் தன் கைவேலை, எது எதிர்க்கடைக்காரன் செய்த பாவம் என்றெல்லாம் மனம் கணக்கெடுக்கும். அன்று முன் பெஞ்சுக்குப் போனார். எதிரே முதுகே கிடையாது, பாஸ்டர் மட்டும்தான். நிம்மதி என்று மூச்சு விட்டார். கடைசியில் ஆசீர்வாதம் சொல்ல பாஸ்டர் இரண்டு கைகளையும் தூக்கினார். இவர் தைத்த அங்கிதான். வலது கை இடது கையைவிட அரை இஞ்ச் நீளம். இத்தனை வருடமாகக் கண்ணில் படாதது அன்றைக்கா படவேண்டும்? ஆசீர்வாதம் முழுவதும் அந்த அரை இஞ்சிலேயே போயிற்று. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்பது இதுதான்.

வெட்கத்தை விட்டு பாஸ்டரிடமே யோசனை கேட்டார். அங்கியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"தனியா ஒரு ரூமுக்குள்ள போய் அடைச்சுக்கிட்டு உக்காருங்க. மனசு தானா அடங்கும்" என்றார் பாஸ்டர்.

தனி ரூமுக்கு எங்கே போவது? வீட்டில் இருப்பதே ஒன்றரை ரூம், அதில் மாமியாரும் மச்சினனும். கடையில் ஒன்று இருந்தது. போட்டுப் பார்க்கும் அறை. கதவில்லை, திரைதான். செவ்வாய்க்கிழமை மதியம் அதற்குள் போய்த் திரையை இழுத்துவிட்டு முழங்காலில் நின்றார். இரண்டு நிமிடம் மனம் அசையாமல் நின்றது. 'ஆகா' என்று அவர் மகிழ்ந்த நேரத்தில் திரை சரக்கென்று விலகியது. புது பேண்டைக் கையில் பிடித்தபடி ஒரு பேங்க் கிளார்க்.

"என்ன அண்ணே, காலளவு எடுக்குற மாதிரி முட்டி போட்டிருக்கீங்க? உள்ள ஆளையே காணோமே!"

அவர் போன பிறகு தையல்காரர் மெஷினில் தலை கவிழ்ந்து அழுதார். கட்டியவள் உயிர் போகிற பயத்தில் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள். நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. இரண்டு நிமிடம் கேட்கிறாள். அதைக் கொடுக்கத் தனக்கு வக்கில்லையே.

வியாழக்கிழமை விடிந்தது. ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பச்சை அங்கியை மாட்டி, சக்கரக் கட்டிலில் உட்காரவைத்து, தியேட்டர் வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

"அஞ்சு நிமிஷம் இருக்கு. பேசிக்குங்க" என்றாள் நர்ஸ்.

அவர் கண்ணை இறுக மூடினார். "ஆண்டவரே" என்றார். அதற்குமேல் ஓடவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். அங்கியின் கழுத்து நாடா அறுந்திருந்தது. அது நழுவாதபடி அவள் பிடரியில் ஒரு கையை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். போவோர் வருவோர் முன்னால் கூச்சம்.

போச்சு, இந்த நேரத்திலுமா துணி என்று தன்னையே சபித்தார். ஆனாலும் கை சட்டைப் பையின் உள்பக்கம் நூலோடு குத்தியிருந்த ஊசியை எடுத்துவிட்டது.

"சார், இங்க ஊசி போடுறது நாங்கதான்" என்றாள் நர்ஸ்.

"ஒரு நிமிஷம்மா" என்று மனைவியின் பின்னால் போய் நின்றார். "கையை எடு. நான் பாத்துக்கிறேன்."

ஊசி இறங்கியது. அவருக்கே தெரியாமல் வாயும் திறந்தது.

"ஆண்டவரே, இது நல்ல துணி. இருபத்திரெண்டு வருஷம் என்கூட அடிபட்டு உழைச்ச துணி. இன்னைக்குக் கத்திரி வைக்கப் போறாங்க. பக்கத்துலயே நில்லுங்க. கெட்டதை மட்டும் எடுக்கட்டும், நல்லதுல கை படக்கூடாது. தையல் நெருக்கமா விழணும், இழுத்தா பிரியக்கூடாது, கடைசில முடிச்சுப் போட மறக்கக்கூடாது. இவளை முதல்ல தைச்சது நீங்கதானே, அளவெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு. என்கிட்ட திருப்பிக் கொடுத்துடுங்க. நான் எத்தனையோ பேரை நாளைக்கு வா, நாளைக்கு வான்னு அலைய விட்டிருக்கேன். அதுக்குப் பழிவாங்கி என்னை அலைய விட்டுடாதீங்க. இவ இல்லாம எனக்கு முடியாது."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அப்போதுதான் சுயநினைவு வந்தது. முகம் சுருங்கிப்போயிற்று.

"மன்னிச்சுக்கோ. தையல்ல எறங்கிட்டேன். இரு, இப்ப கண்ணை மூடி ஒழுங்கா ஆரம்பிக்கிறேன்."

"வேண்டாங்க" என்றாள் மனைவி. கண்ணீர் தாடை வரைக்கும் வந்திருந்தது, ஆனாலும் சிரித்தாள். "ஆமென் மட்டும் சொல்லுங்க."

"ஆமென்" என்றாள் நர்ஸ், அவரை முந்திக்கொண்டு.

கட்டில் உள்ளே போனது. பின்னாலேயே ஒரு டாக்டர் அவசரமாக வந்தார். கால்சட்டையின் ஓரம் பிரிந்து, அரை முழம் நூல் தரையில் இழுபட்டுக்கொண்டு, தையல்காரரின் காலடியை உரசியபடிதான் போனது. தையல்காரர் அதைப் பார்க்கவே இல்லை.