ஜமீனின் தாகம்

ஆமைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது மாமனார் போட்ட சட்டம். "பாலைவனத்துப் பிராணிம்மா. ஈரம் பட்டா ஓடு அழுகிடும். திங்கிற கீரையில இருக்கிற தண்ணியே அதுக்குப் போதும்" என்பார். விற்ற கடைக்காரர் என்றோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பழைய அலமாரியின் கீழ்த்தட்டில் காய்ந்த வைக்கோலைப் பரப்பி, மேலே விளக்கு கட்டி, அதை வளர்த்தார். ஊரையே விலைபேச வந்ததுபோல் தலையை நீட்டிக்கொண்டு நடப்பதால் அதற்கு ஜமீன் என்று பெயர். ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் குட்டிக் கூம்பாக எழும்பியிருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் தடவிக் காட்டுவார். "உசந்த ரகத்துக்குத்தான் இப்படிக் கிரீடம் வரும், பாத்துக்குங்க."

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கென்று மிஞ்சிய பெருமை அது ஒன்றுதான்.

ஜமீன் சாப்பாட்டை அடியோடு நிறுத்தியபோது மருமகள்தான் அதைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனாள். மருத்துவர் கூம்புகளின்மேல் விரலை ஓட்டினார்.

"கிரீடம் டாக்டர்" என்றாள் பெருமையாக.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "காய்ஞ்சே வளர்ந்ததால வந்த மேடும்மா இது. அப்பல்லாம் எல்லாரும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க, உங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா உடம்புல நீரே இல்லை. இன்னிக்கே வெதுவெதுப்பான தண்ணியில உக்கார வைங்க. விட்டா சிறுநீரகம் போயிடும்."

வழியெல்லாம் கூடை கனத்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் அவள். இத்தனை காலம் தப்பாகத்தான் பார்த்திருக்கிறீர்கள் என்று கடைக்கு வருபவர் யாரிடமும் சொன்னதில்லை. 'கண்ணாடி நம்பர் கொஞ்சம் மாறியிருக்கு' என்பாள். அவர்களும் முகம் வாடாமல் போவார்கள். மாமாவிடமும் அப்படியே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

"ஆமை வளர்க்கிற முறை மாறிடுச்சாம் மாமா. இப்ப தண்ணி காட்டச் சொல்றாங்க."

"யாரு, நேத்து படிச்சு இன்னிக்குப் பலகை மாட்டினவங்களா? நான் வளர்த்த ஆமை அது. எனக்குத் தெரியாதா?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அவர் பேச்சைத் தட்டியதில்லை. அது மரியாதையா, வம்பு எதற்கு என்ற சோம்பலா என்று அவளுக்கே தெரியாது. இப்போது உள்ளே போய், பிளாஸ்டிக் பேசினில் வெந்நீரை விளாவிக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள்.

"ஏம்மா, கொல்லப் போறியா அதை? எடு வெளிய!"

அவள் ஜமீனைத் தண்ணீரில் இறக்கினாள்.

கொஞ்ச நேரம் அது கல்லாகக் கிடந்தது. பிறகு கழுத்தை நீட்டி, மூக்கு முழுகத் தலையைத் தாழ்த்தியது. தொண்டை ஏறி இறங்கியது. நிற்கவே இல்லை. ஒரு தடவை தலையைத் தூக்கி மூச்சு வாங்கிவிட்டு மறுபடி குனிந்தது.

அதட்ட எழுந்தவர் நின்றுவிட்டார்.

"என்னம்மா இப்படிக் குடிக்குது..."

"முறை இப்பத்தான் மாமா மாறிச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முறை இப்ப மாறிச்சு. அதுக்குத் தாகம் எப்பவும் இருந்திருக்குமேம்மா."

கடையில் சொல்லும் எந்த வார்த்தையும் இங்கே உதவவில்லை. அவர் மெல்லக் குனிந்து, தரையில் கையூன்றி, பேசின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த மேடெல்லாம் இறங்கிடுமா?"

இறங்கிடும் மாமா என்று சொல்வது எவ்வளவு சுலபம். அவர் கண்ணைப் பார்த்தாள்.

"இறங்காது மாமா. அது அப்படியேதான் இருக்கும். இனிமே வளர்றது ஒழுங்கா வளரும்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தார்.

"ஆறிப்போச்சும்மா. இன்னும் கொஞ்சம் வெந்நீர் கொண்டா. அது குடிச்சு முடிக்கட்டும்."