மூணாவது காயில்

வண்டியை இழுத்து வந்து என் ஷெட்டில் விட்டுப் பத்து நாளாயிற்று. பானெட்டைத் திறக்க மனசு வரவில்லை. இன்று காலை பெர்சிஸ் சிஸ்டர் போன் செய்து, மத்தியானம் வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் திறந்தேன். ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் பதினாறு வருஷமாக ஷெட் வைத்திருக்கிறேன், எந்த வண்டிக்கும் பயந்தவன் இல்லை. இதற்கு மட்டும் பயந்தேன்.

அவர் வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் சாந்தகுமார் சார், மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாருக்குப் போன வருஷம் ஒருமுறை நெஞ்சுவலி வந்தது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும் என்றே 2002 மாடல் கார் ஒன்றை வாங்கி, சிஸ்டரே ஓட்டக் கற்றுக்கொண்டார்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவந்தார். நோயாளியின் கேஸ் ஷீட்டை நர்ஸ் படிப்பதுபோல இருந்தது அவர் சொன்னது.

"மிஸ்ஸிங் அடிக்குது சம்பத்து. கெளம்பும்போது இல்ல, சூடானப்புறம்தான். மேடு ஏறும்போது ஜாஸ்தியா உதறுது. இஞ்சின் லைட்டு மினுக்குது."

"எங்க பெட்ரோல் போட்டீங்க சிஸ்டர்?"

"புது பங்க்ல."

அவ்வளவுதான், எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. எங்கள் பக்கம் வண்டி உதறினால் மெக்கானிக் வாயில் முதலில் வருவது தின்னர்தான். தோலுக்குக் கலர் அடிக்கிற ஷெட்டுகளில் டிரம் டிரம்மாகத் தின்னர் இருக்கிறது, அதைப் பெட்ரோலில் கலக்கிறார்கள் என்று ஒரு பேச்சு. சில நேரம் நிஜமாகவும் இருந்திருக்கிறது. டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். இந்த ஊர்க் காற்றே அப்படித்தானே நாறுகிறது, தின்னர் வாசனை வராமல் என்ன செய்யும். கலப்படம் என்று தீர்த்துச் சொல்லிவிட்டேன். பிளக்குகளைத் துடைத்து மாட்டினேன். ஸ்டார்ட் செய்தால் கடிகாரம்போல ஓடியது. ஆறிப்போன வண்டி ஓடாமல் என்ன செய்யும்.

"அந்த லைட்டு எதுக்கு மினுக்குதுன்னு ஒரு தடவ பாரேன்" என்றார்.

"வண்டிய நான் பாக்கவா, நீங்க பாக்கறீங்களா? அந்த பங்க் பக்கம் போவாதீங்க, எல்லாம் சரியா பூடும்."

இஞ்சின் கோளாறைப் படித்துக் காட்டுகிற ஸ்கேனர் பெட்டி அலமாரி உச்சியில் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறச் சோம்பல். வண்டி சூடாகிற வரை மாதனூர் பக்கம் ஒரு நடை ஓட்டிப் பார்த்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை. இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த புதன்கிழமை விடியற்காலை சாருக்கு மறுபடி வலி. சிஸ்டர் அவரைப் பின் சீட்டில் படுக்க வைத்து ஓட்டிப் போயிருக்கிறார். மாதனூர் தாண்டி, பள்ளிகொண்டாவுக்கு முன்னால் மேம்பாலம் ஏறும்போது இஞ்சின் உதறி அடங்கிவிட்டது. அப்புறம் உயிரே வரவில்லை. சாரின் நெஞ்சை அமுக்குவதும் ரோட்டில் கை நீட்டுவதுமாக முப்பத்தைந்து நிமிஷம். கடைசியில் தோல் ஏற்றிப்போன லாரி ஒன்று நின்றது. ஈரத்தோல் வீச்சத்தில், டிரைவர் பக்கத்தில், சிஸ்டர் மடியிலேயே சார் போய்விட்டார்.

காலையில் பார்த்தபோது இக்னிஷன் ஃபியூஸ் எரிந்திருந்தது. புதிது போட்டேன், சாவியைத் திருப்பியதும் அதுவும் போயிற்று. இந்த வண்டியில் நாலு பிளக்குக்கும் பொறி கிளப்பத் தலைக்கு ஒரு காயில், நாலுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ். ஒவ்வொரு காயிலாக வயரைக் கழற்றி, ஃபியூஸ் மாற்றிப் பார்த்தேன். மூணாவதைக் கழற்றியதும் ஃபியூஸ் எரியாமல் நின்றது, மிச்சம் மூன்றில் வண்டி உதறிக்கொண்டு கிளம்பியது. காயிலை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். மயிரிழை விரிசல், உள்ளே கருகல். சூடாக ஆக விரிந்து, கடைசியில் ஷார்ட் ஆகியிருக்கிறது. பிறகு ஸ்டூல் போட்டு ஏறி ஸ்கேனரை எடுத்துச் செருகினேன். மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங் என்று வண்டி ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தது. சிஸ்டர் சொன்னதையேதான் அதுவும் சொல்லியது. காயிலைக் கிழிந்த பனியன் துணியில் சுற்றி டூல்ஸ் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன்.

சிஸ்டர் ஒரு மணிக்கு வந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. வண்டியைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

"பெட்ரோல்தானே சம்பத்து?"

"ஆமா சிஸ்டர்" என்றது என் வாய்.

"நீ சொல்லியும் மறுபடி அங்கியே போட்டேன். நைட் டூட்டி முடிச்ச பேஜார்ல, அடுத்த பங்க் வரைக்கும் போவ முடியல. ஏம்மா அங்க போட்டன்னு பையன் ஷாஜின் கேக்கறான். அப்பன அவ்ளோ புடிக்கும் அவனுக்கு. நான்தான் அவர சாவடிச்சிட்டேன், அத அவன் எதிர்லயே காட்டி ஒத்துக்கணும்."

கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். வடிதாள். பங்கில் கேட்டு வாங்கி வந்தாராம். ஒரு சொட்டு பெட்ரோல் விட்டால், கலப்படமாக இருந்தால் கறை நிற்கும், சுத்தமாக இருந்தால் காய்ந்து காணாமல் போய்விடும்.

"டேங்க்லேர்ந்து எடுத்து வுடு. கறையோட எடுத்துனு போறேன்."

தாளை வாங்கிப் பிடித்துக்கொண்டு டேங்கிலிருந்து இஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் பைப்பைக் கழற்றினேன். பக்கத்திலேயே பார்ட்ஸ் கழுவுகிற டீசல் தட்டு இருந்தது. விரலை அதில் தொட்டு வைத்தால் போதும், சொட்டு கறையாகிவிடும். நான் தப்பிப்பேன், சிஸ்டர் சாகிற வரை சுமப்பார். அதையும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். விரல் தட்டுவரைக்கும் போயிற்று. அதற்கு மேல் முடியவில்லை. பைப்பிலிருந்து ஒரு சொட்டை மட்டும் தாளில் விட்டு அவரிடமே கொடுத்துவிட்டேன்.

ஈரம் வட்டமாகப் பரவியது. சிஸ்டர் நாடி பிடிக்கிறவர்போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓரத்திலிருந்து வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. ரெண்டு நிமிஷத்தில் தாள் பழையபடி வெள்ளையாகிவிட்டது. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பிறகு திறந்திருந்த பானெட்டைப் பார்த்தார். வரிசையாக மூன்று காயில்கள், நடுவில் ஒரு ஓட்டை.

மறுபடி தாளைப் பார்த்தார். ஓரத்தில் கறுப்பாக ஒன்று தெரிந்தது.

"இது இன்னா சம்பத்து?"

நான் பிடித்திருந்த இடம் அது. என் கட்டைவிரல், ரேகையோடு பதிந்திருந்தது.