இடுப்பை விடாத கை

கிழக்கே எழுந்த கதிரவன் உயர்ந்த மாடங்களின் கண்ணாடிகளில் பொன்னுருக்கி வார்த்துக்கொண்டிருக்க, ஊர்திகளின் இரைச்சலும் கடைகளின் கதவு திறக்கும் ஓசையும் கலந்து பேராரவாரமாய்ப் பெருகி ஓட, அவ்வாரவாரத்தின் நடுவே அகன்ற படிகளும் பருத்த தூண்களும் கொண்டு நிமிர்ந்து நின்றது அந்நகரின் வழக்குமன்றம். குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரையில் எவரும் குற்றமற்றவரே என்னும் உயர்மொழி அதன் நெற்றியில் பொறிக்கப்பட்டிருந்தது. எழுத்தென்னவோ அழகான எழுத்துத்தான்! ஆனால், கற்றறிந்தோரே, கைவிலங்கோடு அழைத்து வரப்படுவோர் பின்வாயிலால் நுழைவிக்கப்படுவர் ஆதலின், யாருக்காக அது பொறிக்கப்பட்டதோ அவர்கள் அதனைக் கண்டதே இல்லை.

அப்படிகளில் அன்று ஏறிக்கொண்டிருந்தாள் ஒரு பெண் வழக்கறிஞர். தமக்கென வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள வழியற்றோர்க்காக அரசு அமர்த்தியிருந்தோருள் ஒருத்தி. நரை நுழையத் தொடங்கிய கூந்தலும், நெடுநேரம் நின்று பேசிப் பேசிக் கரகரத்துப்போன குரலும், முறைகேடு கண்டவிடத்துச் சட்டெனச் சிவக்கும் முகமும் உடையவள். ‘திருடனுக்குப் பரிந்து பேசி என்ன கண்டாய்?’ என்று உற்றாரும் உடன்பிறந்தாரும் அவளைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தனர். ‘திருடன் என்று யார் சொன்னது?’ என்பதே அவள் விடை. கேட்டவர்கள் சிரிப்பார்கள், அவள் சிரிப்பதில்லை.

அன்று அவள் காக்க வேண்டியிருந்தவன் சுவர்களுக்கு வண்ணம் பூசிப் பிழைக்கும் ஓர் இளைஞன். மணிப்பொறிக் கடையொன்றில் பட்டப்பகலில் முகத்தில் துணி கட்டிய ஒருவன் புகுந்து, முதியவரான கடைக்காரரைத் தள்ளி வீழ்த்தி, அடுக்கியிருந்த கைக்கடிகாரங்களைத் தட்டோடு அள்ளிக்கொண்டு ஓடினான். அந்நேரம் அடுத்த தெருவில் ஆளில்லா வீடொன்றில் ஏணி மீதேறி மேற்கூரைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த இவன், வேலை முடிந்து தெருவில் இறங்கி நடந்ததே குற்றமாயிற்று. பிடித்தார்கள், அடைத்தார்கள். நான் அங்கேதான் இருந்தேன் என்று இவன் சொன்னதற்குச் சான்று பகர ஏணிக்கு வாய் உண்டா, என்ன? களவுபோன பொருளில் ஒரு துண்டும் இவனிடம் அகப்படவில்லை. பலரோடு வரிசையாக நிறுத்திக் காட்டிய அடையாள அணிவகுப்பில் கடைக்காரர் இவனைச் சுட்டிக் காட்டினார் என்னும் அந்த ஒற்றை இழையில்தான் முழு வழக்கும் தொங்கியது. வழக்கறிஞர் உடனிருக்கவேண்டும் என்பது சட்டம் தந்த உரிமை. அவள் அமர்த்தப்படுவதற்கு முன்னரே அணிவகுப்பை முடித்துவிட்டார்கள். வல்லான் வகுத்ததே வாய்க்கால்!

வழக்கு ஏறுமென்று காத்துக் காத்து அவன் சிறையிற் கிடந்த காலத்தில், பிடிபட்ட அன்று தத்தித் தத்தி நடந்த அவன் மகள் ஓடவும் பேசவும் கற்றுக்கொண்டாள். வழக்குத் தோற்றால் அவள் பள்ளியை முடித்து வெளியே வரும்வரை அவன் உள்ளேதான். இதனை அறிந்திருந்தமையால் வழக்கறிஞர் அவனை ஒவ்வொரு முறை கண்டபோதும் கண்டிப்போடு இரண்டு செய்திகளைச் சொல்லி வந்தாள். மன்றத்தில் தன் சொல்லின்றி அவன் வாய் திறத்தல் ஆகாது என்பது ஒன்று. மற்றொன்று, அவன் நிற்கும் நிலை. அவள் வரும்போதெல்லாம் எழுந்து நின்று, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொள்வான் அவன்.

“ஜட்ஜ் முன்னாடி இப்படி நிக்காதீங்க தம்பி. திமிர்னு நினைச்சுக்குவாங்க.”

“சரிங்க வக்கீலம்மா” என்பான், முகம் கவிழ்வான், கையை மட்டும் எடுக்கமாட்டான். எவ்வளவு சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதானா என்று அவளுக்கே உள்ளூரச் சினம் எழுவதுண்டு.

மன்றம் கூடியது. உயர்ந்த இருக்கையில் நடுவர் அமர்ந்தார். கூண்டில் இளைஞன் ஏற்றப்பட்டான். பார்வையாளர் நடுவே அவன் மனைவி, மகளை மடியிலிருத்திக்கொண்டு கண்கொட்டாமல் இருந்தாள். மணிப்பொறிக் கடைக்காரர் சான்று கூற வந்தார். பொய் சொல்லும் முகமில்லை அவருக்கு. விழுந்த அன்று ஒடிந்த தோள் இன்னும் தாழ்ந்திருந்தது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்டதும், “இவன்தாங்க. வரிசையில பார்த்த உடனே தெரிஞ்சுது, நின்ன நிலையிலேயே தெரிஞ்சுது” என்று கூண்டை நோக்கிக் கை நீட்டினார்.

அக்கை சுட்டிய திசையில் நடுவரும் நோக்கினார். கூண்டிலும் அவன் அவ்வாறே நின்றிருந்தான். நடுவருடைய புருவம் நெரிந்தது.

“என்னப்பா, இடுப்புல கை வச்சுக்கிட்டு நிக்க இது கடைத்தெருவா? கையை எடு.”

இளைஞன் வழக்கறிஞரைப் பார்த்தான். வாய் திறக்காதே என்றவள் அவள்தானே! நடுவர் மீண்டும் அதட்டவே, அவன் மெல்லக் கையை எடுத்தான். எடுத்த அக்கணமே அவன் அணிந்திருந்த காற்சட்டை இடுப்பை விட்டு நழுவி இறங்கிற்று. பதறிக் குனிந்து இரு கைகளாலும் அதனைப் பற்றிக்கொண்டு அவன் ஒடுங்கி நிற்க, மன்றம் கொல்லென்று சிரித்தது. காவலர் சிரித்தனர், அரசுத் தரப்பு வழக்கறிஞர் வாயைப் பொத்திக்கொண்டார், நடுவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். சிரிக்காதவர் இருவர்தாம். ஒருத்தி அவன் மனைவி. மற்றவள் விரைந்து கூண்டருகே சென்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“பெல்ட் எங்க தம்பி?”

“பிடிச்ச அன்னிக்கே வாங்கி வச்சுட்டாங்கம்மா. கயிறு, நாடா எதுவும் தர மாட்டேங்கறாங்க. இது எங்க அண்ணனோட பேன்ட். அன்னிக்கும் இதான் போட்டிருந்தேன். எனக்குப் பெருசு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“பொம்பளை வக்கீல்கிட்ட பேன்ட் நிக்கலைன்னு எப்படிம்மா சொல்றது? இங்கதான் வாயத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களே.”

எத்தனை முறை கடிந்துகொண்டோம், ஒரு முறையேனும் ஏனென்று கேட்டோமா என்று நாணினாள்; நாணம் தீரும் முன்னே மற்றொன்று அவள் உள்ளத்தில் தைத்தது. ‘நின்ன நிலையிலேயே தெரிஞ்சுது’ என்றாரே பெரியவர்! எந்த நிலை? அவள் முகம் சிவந்தது. திரும்பிச் சான்றாளர் முன் சென்று நின்றாள். ஆயினும் அந்த முதியவரிடம் அவள் குரல் தணிந்தே ஒலித்தது.

“ஐயா, வரிசையில இவர் எப்படி நின்னாரு?”

“இப்ப நின்னானே, அதே மாதிரி. இடுப்புல கை வச்சுக்கிட்டு, திமிரா.”

“மத்தவங்க?”

“கையத் தொங்கவிட்டு ஒழுங்கா நின்னாங்க.”

“உங்க கடைக்குள்ள வந்தவன் இடுப்புல கை வச்சிருந்தானா?”

முதியவர் இரு கைகளையும் முன்னே நீட்டித் தட்டை அள்ளுவதுபோல் செய்து பார்த்தார். பின்பு தாழ்ந்த தோளை மற்றக் கையால் தடவிக்கொண்டார்.

“இல்லம்மா. ரெண்டு கையாலயும்தானே தட்ட அள்ளினான்.”

“முகத்தப் பார்த்தீங்களா?”

“துணி கட்டியிருந்தானே.”

“அப்ப இவர்தான்னு எப்படி முடிவு பண்ணீங்க?”

“மத்தவங்க எல்லாம் நல்லவங்க மாதிரி நின்னாங்கம்மா” என்றார் முதியவர். சொல்லி முடித்தபின் தம் சொல்லைத் தாமே கேட்டவர்போல் கூண்டை ஏறிட்டு நோக்கி, அங்கே இரு கையாலும் காற்சட்டையைப் பற்றி நின்றவனைக் கண்டு, தலை குனிந்தார்.

அந்த நல்லவர்கள் யாவர்? காவல் ஆய்வாளரை ஏற்றி வினவிய அளவில் அதுவும் வெளிப்பட்டது. அவர்கள் அனைவரும் சீருடை களைந்த காவலர்களே.

“அவங்ககிட்டயும் பெல்ட்டக் கழட்டி வாங்குனீங்களா?” என்றாள் வழக்கறிஞர்.

“அவங்க எதுக்கு மேடம் கழட்டணும்? அவங்க கைதி இல்லையே.”

“இவர்கிட்ட மட்டும் ஏன் வாங்குனீங்க?”

“உள்ள தூக்கு மாட்டிக்கக் கூடாதுன்னுதான். உயிரக் காப்பாத்தத்தான் மேடம் வாங்கறோம்.”

உயிரைக் காக்க வாங்கினார்களாம்! இடுப்பு வார் பூண்ட காவலர் நடுவே வார் பறிக்கப்பட்ட ஒருவனை நிறுத்திவிட்டு, இவர்களுள் கைதி யார் கண்டுபிடி என்று ஒரு முதியவரைக் கேட்டிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டுகூட விடை சொல்லலாமே! கள்வன் எங்கோ களிப்போடு திரிய, மானம் காக்க இடுப்பைப் பற்றியவன் கூண்டில் நின்றான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். “எங்க கட்சிக்காரர் திமிரா நிக்கலைங்க ஐயா. மானத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு” என்று கூறி அமர்ந்தாள் அவள். இம்முறை மன்றத்தில் எவரும் சிரிக்கவில்லை.

குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று அன்று மாலையே நடுவர் தீர்ப்புரைத்தார். பறிபோன நாட்களைப் பற்றியும், கையை எடுக்கச் சொன்னதைப் பற்றியும் அவர் ஒரு சொல்லும் உரைத்தாரில்லை. பெரிய இருக்கையில் அமர்ந்தோர் வாயில் ‘தவறு எம்முடையது’ என்னும் இரண்டு சொற்களுக்கு இடமிருப்பதில்லை போலும். அடுத்த வழக்கை அழைக்கும் குரலே அவனுக்குக் கிடைத்த விடை.

சிறைவாயிலில் அவன் உடைமைகளைத் துணிப்பையில் இட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். உள்ளே சுருண்டு கிடந்தது அந்த வார். மனைவி அதனை வாங்கி அவன் இடையில் பூட்டினாள். கடைசித் துளையிலும் அது நிற்கவில்லை, அவ்வளவுக்கு மெலிந்திருந்தான். வழக்கறிஞர் தன் கூந்தலிலிருந்த ஊசியைப் பிடுங்கி அழுத்திப் புதுத் துளையிட, வார் இறுகிப் பொருந்திற்று. கதிரவன் மேற்கே சாய, நீண்ட மதிலின் நிழல் தெருவை மூடத் தொடங்கியிருந்தது.

“அப்பா, கை குடு” என்றாள் மகள், தாயின் பின்னிருந்து மெல்ல வெளிப்பட்டு.

அவன் கொடுத்தான், ஆனால் ஒரு கையைத்தான். அவனுடைய மற்றொரு கை, வார் இறுகப் பூட்டிய பின்னும், இடுப்பைப் பற்றியபடியே இருந்தது.

“அந்தக் கையி?” என்றாள் குழந்தை.

அவன் குனிந்து தன் கையைப் பார்த்தான்; எடுக்க முயன்றான்; அது வரவில்லை. மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கற்றறிந்தோரே, பறித்த வாரைத் திருப்பித் தரச் சட்டத்திற்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கையை யார் திருப்பித் தருவார்? அவன் மகளோடு தெருமுனை வரை நடந்து செல்வதை, நல்லவர் பலர் கை வீசிச் செல்லும் அத்தெருவில் இடுப்பைப் பற்றியபடியே அவன் நடந்து செல்வதை, வழக்கறிஞர் பார்த்துக்கொண்டே இருந்தாள்.