நீளவாக்கில்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் உதிக்கவில்லை. ஒரு துண்டுப் பிரசுரத்திலிருந்து நான் வெட்டி எறிந்த இரண்டு சொற்கள்தான் இதற்கு ஆதாரம். பத்தே எழுத்து. புள்ளி வைத்த எழுத்தையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். தொழில் புத்தி, எண்ணாமல் விடாது.

தொழில் என்னவென்று கேட்பீர்கள். ஓர் அச்சகத்தில் வாசகம் எழுதுகிறவன், பிழை பார்க்கிறவன், பக்கம் அமைக்கிறவன், மூன்றும் நானே. சலவை இயந்திரத்தோடு வரும் குறிப்பேடு, இருமல் மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்த தாள், 'ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது' என்று லிஃப்டுக்குள் ஒட்டிய பலகை. என்னை நீங்கள் நிறையவே வாசித்திருக்கிறீர்கள். பெயர் போட மாட்டார்கள், அவ்வளவுதான். கதை எழுதுவது இது முதல் தடவை. (கதை என்று ஒப்புக்கொண்டு எழுதுவது.)

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

தொடக்கம் ஒன்று: 'அன்று மரணம் ஒரு திராட்சைப் பழத்தின் வடிவில் அந்த வீட்டுக்குள்

இதற்குமேல் கை ஓடவில்லை. குழந்தை சாகவில்லை. முதல் வரியிலேயே உங்களைப் பதற வைக்க ஆசைப்பட்டுவிட்டேன், மன்னியுங்கள். குழந்தைக்கு இப்போது மூன்று வயது. வீட்டில் 'குண்டுமணி' என்று கூப்பிடுகிறோம். போன வாரம்கூட என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி சோபாவுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, "மாமா, தேடு" என்றாள். அதனால் பயப்படாமல் மேலே படிக்கலாம். இங்கே ஆபத்தில் இருப்பது வேறொருத்தி, அவளுடைய அம்மா. என் தங்கை.

தொடக்கம் இரண்டு: 'பிற்பகல் மூன்று மணி. சமையல் மேடையில் ஒரு கத்தி, ஒரு கிண்ணம், பன்னிரண்டு திராட்சை.' இது பரவாயில்லை. ஆனால் நான் அங்கே இல்லையே. பன்னிரண்டு என்று யார் எண்ணினார்கள்? கதைக்காரன் இல்லாத இடத்தில் இருந்ததுபோலப் பேசலாமாம். இருந்த இடத்தில் இல்லாததுபோல நடிப்பதுதான் எனக்குப் பழக்கம்.

தொடக்கம் மூன்று: 'தவறு யார்மீதும் இல்லை.' அடித்துவிட்டேன். மூன்றே சொல். இதைவிடச் சுருக்கமாகப் பொய் சொல்ல என்னால்கூட முடியாது என்று அப்போது நினைத்தேன்.

3

எனவே நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

தாய் சேய் நலப் பிரிவிலிருந்து ஒரு செவிலியர் எங்கள் அச்சகத்துக்கு வருவார். எங்களுக்குள் அவருக்குக் 'கறார் சிஸ்டர்' என்று பெயர். சிவப்புப் பேனாவோடுதான் நாற்காலியில் உட்காருவார். அன்று கொண்டுவந்தது ஆறு பக்கமாக மடிக்கும் ஒற்றைத் தாள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது. குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டவும். வாயில் உணவு இருக்கும்போது பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. நான்காம் பக்கம், எட்டாவது வரி: 'திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுக்கவும்.'

"எதுக்கு சிஸ்டர் இவ்வளவு விலாவாரியா? நறுக்கிக் குடுங்கன்னா போதாதா?" என்றேன்.

"குறுக்கால வெட்டினா அது பாதி உருண்டை சார். குழந்தையோட மூச்சுக்குழல் எவ்வளவு அகலம் தெரியுமா?" தன் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினார். "இதுல பாதிகூட இருக்காது. மூடி போட்ட மாதிரி அடைச்சுக்கும். வேற எதை வேணா அழகு பண்ணுங்க, இந்த வரியில கை வெக்காதீங்க."

"வெக்க மாட்டேன் சிஸ்டர்."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதற்கு அப்புறம்தான் முதலாளி வந்து, கிண்ணமும் கரண்டியும் இருந்த படம் சின்னதாகத் தெரிகிறது, கொஞ்சம் பெரிதாக்கு என்றார். பெரிதாக்கினேன். வரி ஒடுங்கி, 'கொடுக்கவும்' என்ற சொல் மட்டும் தனியே அடுத்த வரிக்கு இறங்கிப் படத்தின் தலையில் இடித்தது. இப்படித் தொங்கும் ஒற்றைச் சொல்லை எங்கள் அச்சகத்தில் 'வால்' என்போம். வால் தொங்கினால் எனக்குச் சோறு இறங்காது.

"இடம் பத்தலைன்னா எதையாவது தட்டுப்பா," என்றார் முதலாளி, போகிற போக்கில்.

'நீளவாக்கில் நான்காக' என்ற இரண்டு சொல்லையும் தட்டினேன். எப்படி நறுக்கினால் என்ன, உள்ளே போனால் எல்லாம் ஒன்றுதானே. வால் மேலே ஏறிக்கொண்டது. பக்கம் பார்க்க லட்சணமாக இருந்தது.* சிஸ்டருக்கு மறுபடி அனுப்பவில்லை. இரண்டு சொல்லுக்காக யார் இன்னொரு நாள் காத்திருப்பது? அச்சாகி வந்ததை அவரும் வரிவரியாகப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்ட தாளைத் திரும்ப வாசிக்கிற வழக்கம் யாருக்கு இருக்கிறது?

(* அன்று எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். ஐயாயிரம் படி அச்சடித்தோம். ஐயாயிரம் சமையலறை. மற்ற வீடுகளில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கதை அந்தப் பக்கம் போகாது; எனக்குத் தைரியம் இல்லை.)

4

ஒரு படியைத் தங்கைக்குக் கொடுத்தேன். அவள் அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க அண்ணன் எழுதினது," என்று காட்டுவாள். எனக்குக் கூச்சமாகவும் இருக்கும், இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்றும் இருக்கும்.

குண்டுமணிக்குப் பதினோரு மாதம். தங்கை அவளை உயர நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள். பக்கத்தைவிட்டு நகரவில்லை. திராட்சையை நறுக்கினாள், குறுக்கே, பாதியாக. எழுதியிருந்தபடிதான் எல்லாம் செய்தாள். நான் எழுதியதை என் தங்கையைப் போலக் கருத்தாக வாசித்தவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை.

இருமல் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "சத்தமே இல்லண்ணா," என்று பின்னால் சொன்னாள். "வாயைத் திறந்து என்னையே பாத்துச்சு. உதடு நிறம் மாறிடுச்சு."

குழந்தையைத் தூக்கி முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது தட்டுக்குப் பாதித் திராட்சை வெளியே வந்து தரையில் உருண்டது. பிறகுதான் குழந்தை வீறிட்டது.

எப்படித் தட்ட வேண்டும் என்று அதே பிரசுரத்தின் ஆறாம் பக்கத்தில் படம் போட்டிருந்தோம். அதனால் ஒரு மணி நேரம் கழித்து நான் ஓடிப் போனபோது, தங்கை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உன் நோட்டீஸ்தாண்ணா காப்பாத்துச்சு."

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிந்தது. அவளுக்குப் பின்னால், ஃபிரிட்ஜ் கதவில், எட்டாவது வரி எனக்கு நேராக இருந்தது.

"நல்லவேளை," என்றேன்.

5

இப்போது ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம்.

தங்கையின் கணவர். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எந்தத் திருகையும் இரண்டு தடவை முறுக்கிப் பார்க்கிற ஆள். முதல் வரைவில் அவரை வில்லனாக்கியிருந்தேன். கதவைச் சாத்துவார், தட்டை எறிவார், 'நீயெல்லாம் ஒரு தாயா' என்று கத்துவார். எழுத ஜோராக இருந்தது. பிறகு அடித்துவிட்டேன், ஏனென்றால் மாப்பிள்ளை அப்படி ஒரு நாளும் கத்தியதில்லை. பயந்துபோனார், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஊட்டுகிற வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். வேலைக்குப் போகுமுன் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, டப்பாவில் போட்டு, மூடிமேல் 'காலை', 'மதியம்' என்று எழுதி வைப்பார்.

"உங்க தங்கச்சி தங்கமானவதான் மச்சான்," என்பார் என்னிடம். "ஆனா குழந்தை விஷயத்துல கொஞ்சம் கவனம் பத்தாது."

தங்கை அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். சூடு கண்ட பூனைதான் அவளும். பழக்கடைப் பக்கம் போனால் எதிர்ச் சாரியில் நடக்கிறாள். குழந்தையைக் காப்பாற்றின கை அவளுடையது என்பதை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை, அவளும் மறந்துபோனாள். 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்பார்கள். பாவத்தை வைத்துக்கொண்டு நான் வாராவாரம் அங்கே போய் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வருகிறேன்.

ஆக, சந்தேகப்பட வேண்டிய பாத்திரம் அவர் இல்லை போலிருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதல் நாள் எல்லாரும் கலங்கியிருந்தார்கள். அடுத்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல். அப்புறம் நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளினேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி ஆகிவிட்டது. சொல்லாத ஒவ்வொரு வாரமும், சொல்ல வேண்டிய சங்கதியில் ஒரு வாரம் கூடிக்கொண்டே போனது. இப்போது அதில் இரண்டு வருஷம் இருக்கிறது.

6

முடிவுகள் சில எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) அண்ணன் சொல்கிறான். தங்கை அழுது, பிறகு மன்னிக்கிறாள். [என் வசதிக்காக எழுதியது. எடுத்துவிடவும்.]

(ஆ) அண்ணன் சொல்கிறான். தங்கை அவனை வீட்டுக்கு வராதே என்கிறாள். [நடக்கக்கூடியது. நான் பயப்படுவதும் இதற்குத்தான்.]

(இ) அண்ணன் சொல்லாமலேயே

இந்த மூன்றாவதை முடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அது தானாக நடந்துவிட்டது.

பிரசுரத்தை மறுபடி அச்சடிக்க உத்தரவு வந்திருந்தது. "அப்படியே போட்டுடு," என்றார் முதலாளி. நான் அப்படியே போடவில்லை. முதலாளி கண்ணில் படாத அளவுக்குப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினேன். இரண்டு சொல்லையும் எடுத்த இடத்தில் திரும்ப வைத்தேன். வால் தொங்கியது. தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெரிய காரியம் செய்துவிட்டதுபோல ஒரு படியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன்.

அவள் ஃபிரிட்ஜிலிருந்து பழைய தாளைக் கழற்றினாள். இரண்டு வருஷமாகத் தினமும் கண்ணில் பட்ட தாள். புதியதை அதே இடத்தில் வைக்கப் போனவள் நின்றுவிட்டாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். விரல் எட்டாவது வரியில் நின்றது.

"அண்ணா, இது புதுசா சேர்த்தாங்களா?"

அவள் கொடுத்திருந்த காபியை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"ஆமா," என்றேன்.

மூன்று சொல்லைவிடச் சுருக்கமாகப் பொய் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அவள் முகத்தில் இரண்டு வருஷமாக நான் பார்க்காத ஒன்று வந்தது. "என்னங்க, இங்க வாங்களேன்," என்று கணவரைக் கூப்பிட்டாள். "நீளவாக்குல நறுக்கணுமாம். இப்பதான் போட்டிருக்காங்க. அன்னிக்கு இருந்திருந்தா நான் அப்படித்தானே நறுக்கியிருப்பேன்?"

மாப்பிள்ளை தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "எழுதிப் போட்டாதான் தெரியுமா? கொஞ்சம் யோசிச்சிருந்தா போதும். சரி விடு, நடந்தது நடந்துபோச்சு. கிண்ணத்தைக் குடு."

"அம்மா ஊட்டு," என்றாள் குண்டுமணி.

"அம்மாவுக்கு ஊட்டத் தெரியாதுடா கண்ணு," என்றார். சிரித்துக்கொண்டே, ஆசையாகத்தான் சொன்னார்.

தங்கை கிண்ணத்தைக் கொடுத்துவிட்டாள். நான் காபியைக் குடித்து முடித்தேன்.

7

'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்று எங்கள் அச்சகத்தில் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வோம். என் தங்கை பாட்டைக் கெடுக்கவில்லை. ஏட்டில் இருந்ததை அப்படியே பாடினாள்.

அச்சான பிறகு பிழை தெரிந்தால் நாங்கள் ஒரு சின்னச் சீட்டு அடித்து உள்ளே செருகுவோம். இத்தனை பக்கமும் எழுதியது அந்தச் சீட்டுக்காகத்தான். நாளை ஞாயிறு. இதை எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன். மாப்பிள்ளையும் வீட்டில் இருப்பார். அவர் காதிலும் விழ வேண்டும். முதல் பிழையைத் திருத்துவது சுலபமாக இருந்தது. இரண்டாவதற்கு நான் எழுதுவதெல்லாம் எனக்கே சாதகமாக வந்து விழுகிறது. 'முதலாளி சொன்னார்' என்று ஒரு தடவை, 'இடம் போதவில்லை' என்று ஒரு தடவை. அதனால் அந்த இடத்தைப் புள்ளிக்கோடு போட்டு உங்களுக்கு விட்டிருக்கிறேன். என் தங்கை கேட்க வேண்டியதை நீங்கள் எழுதுங்கள். வரி நீண்டு, வால் அடுத்த வரிக்கு இறங்கினாலும் இறங்கட்டும். இடம் போதாவிட்டால் என் கதையில் எதை வேண்டுமானாலும் தட்டிவிடுங்கள். நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் நான் எடுக்க மாட்டேன்.

பிழை திருத்தம்

பக்கம் 4, வரி 8: 'திராட்சையை நறுக்கிக் கொடுக்கவும்' என்று இருப்பதை 'திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுக்கவும்' என்று திருத்தி வாசிக்கவும்.

தங்கையின் சமையலறை, ஞாயிற்றுக்கிழமை: 'ஆமா' என்று இருப்பதை

'……………………………………………………………………
……………………………………………………………………'

என்று திருத்தி வாசிக்கவும்.